மைட்டர் கேஜ் வாங்குமுன் காடியை அளந்துவிடுங்கள்

சிங்கப்பூரின் பொங்கோலில் புதிதாக வீவக (அரசு அடுக்குமாடி) வீடு எடுத்த மைத்துனி, பூஜை அறைக்கு ஒரே அளவில் ஆறு சாமி படச் சட்டங்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார். தேக்காவில் ரெடிமேட் சட்டம் வாங்கினால் வேலை முடிந்துவிடும். ஆனால் கடைச் சட்டங்களின் தங்க நிறப் பூச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. சரி, நியாத்தோ மரத்தில் செய்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன். சட்டப் பட்டியின் அகலம் 40 மி.மீ., பின்பக்கம் கண்ணாடி உட்கார ஒரு படி, நாலு மூலையும் 45 டிகிரி. இந்தக் கடைசி விஷயம்தான் என்னைப் புது மைட்டர் கேஜ், அதாவது மேசை ரம்பத்தில் மரத்தை வேண்டிய கோணத்தில் பிடித்து வாளுக்குத் தள்ளும் கருவி, வாங்க வைத்தது.

நான் வேலை செய்யும் இடம் சுங்கை காடூட்டில் ஒரு பட்டறையின் மூலை. வீட்டில் மேசை ரம்பத்தை ஓட்டினால் மேல்மாடி, கீழ்மாடி, எதிர் வீடு என்று மூன்று பக்கமும் பகை. அதனால் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே இருபது வருடமாகத் தச்சு வேலை செய்யும் ஓர் அண்ணனோடு இடத்தைப் பகிர்ந்துகொள்கிறேன். ரம்பம் என்னுடையது: 10 அங்குல வாள், அலுமினிய மேசை, மடக்கி வைக்கும் கால், அதாவது கட்டுமான இடங்களுக்குத் தூக்கிப்போகும் ரகம். இந்த ரகத்தில் மோட்டாரும் ரிப் ஃபென்ஸும் (நீளவாக்கில் அறுக்க மரத்தை அணைக்கும், வாளுக்கு இணையான வேலி) நன்றாகத்தான் இருக்கும். கூடவே வரும் மைட்டர் கேஜ்தான் ஒப்புக்கு வைத்த சாமான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆனால் இந்தக் கேஜில் பிடித்துப் பார்க்கப் பல்லே இல்லை. பிளாஸ்டிக் தலை, அச்சடித்த டிகிரிக் கோடு, ஒரு திருகு, அவ்வளவுதான்.

அதன் பட்டையை, மேசையில் வாளுக்கு இணையாக ஓடும் பள்ளமான காடியில் வைத்து விரலால் பக்கவாட்டில் அசைத்தால் கண்ணுக்கே தெரியும்படி ஆடியது. காலிப்பரில் பட்டை 18.7 மி.மீ., காடி சுமார் 19.2. ஆக ஆட்டம் அரை மில்லிமீட்டர். பட்டையின் நீளம் 300 மி.மீ. தான். அரை மில்லிமீட்டரை முந்நூறால் வகுத்து டிகிரிக்கு மாற்றினால் ஏறத்தாழ 0.1 வரும். பத்தில் ஒரு டிகிரிதானே என்று தோன்றும். ஒரு சட்டத்துக்கு நாலு மூலை, எட்டு வெட்டு. எட்டும் ஒரே பக்கம் தவறினால் கடைசி மூலையில் 0.8 டிகிரி பாக்கி நிற்கும். 40 மி.மீ. பட்டியை 45 டிகிரியில் வெட்டும்போது வெட்டு முகம் 56 மி.மீ.க்கு மேல் நீளும். அந்த நீளத்தில் 0.8 டிகிரி என்றால் ஒரு முனையில் கிட்டத்தட்ட 0.8 மி.மீ. இடைவெளி. மூன்று மூலை கச்சிதமாக ஒட்டி, நாலாவது மட்டும் வாயைப் பிளந்து நிற்கும். மெழுகும் மரத்தூளும் கலந்து அடைத்தாலும் வார்னிஷ் பட்டவுடன் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு கேஜ் தேடும் விதமே மாறிவிட்டது. விளம்பரங்கள் எல்லாம் தலையைப் பற்றியே பேசுகின்றன: எத்தனை கோணங்களில் பூட்டு விழும், எத்தனை கோடு, என்ன நிறம். இங்க்ரா வி27 என்ற கேஜில் 5 டிகிரிக்கு ஒன்று வீதமும் கூடவே 22.5 டிகிரியிலுமாக மொத்தம் 27 இடங்களில் பூட்டு விழும். அதே நிறுவனத்தின் பெரிய கேஜ்களில் அரை டிகிரிக்கு ஒன்று உண்டு. கிரெக் கேஜில் பூட்டும் கோணங்கள் குறைவு, பதிலுக்குப் பத்தில் ஒரு டிகிரி படிக்கும் வெர்னியர் என்ற நுண் அளவுகோல் இருக்கிறது. எல்லாம் நல்ல சாமான்தான். ஆனால் வீட்டு வேலையில் எந்தக் கோணம் வருகிறது? 90, 45, ஆறு பக்கத்துக்கு 30, எட்டு பக்கத்துக்கு 22.5. மற்றக் கோணங்களை நான் தொட்டதே இல்லை. தலை எவ்வளவு துல்லியமாகப் பூட்டினாலும் கீழே பட்டை ஆடினால் எல்லாம் வீண். எனவே நான் பார்த்தது, பட்டையை அகலப்படுத்திக் காடிக்கு ஏற்பப் பொருத்த வழி இருக்கிறதா என்பதை.

அந்த வழிகள் கேஜுக்குக் கேஜ் மாறும். சிலவற்றில் பட்டையின் பக்கவாட்டில் நைலான் முனைத் திருகுகள் இருக்கும். அவற்றைத் திருகினால் முனை வெளியே தள்ளிக் காடிச் சுவரைத் தொடும். சிலவற்றில் பிளவுள்ள வட்டத் தகடுகள். மேலிருந்து ஆலன் சாவியால் திருகினால் அவை விரியும். மலிவான சிலவற்றில் ஸ்பிரிங் வைத்த குண்டு இருக்கும். அது ஆட்டத்தை மறைக்கும், ஒழிக்காது. பலமாகத் தள்ளும்போது ஸ்பிரிங் அமுங்கிவிடுகிறது.

வாங்குமுன் காடியையும் அளக்க வேண்டும். அமெரிக்க அளவில் காடி முக்கால் அங்குல அகலம், அதாவது 19.05 மி.மீ., ஆழம் எட்டில் மூன்று அங்குலம், சுமார் 9.5 மி.மீ. வெளியில் விற்கும் கேஜ்களில் பெரும்பாலானவை இதற்கேற்பவே வருகின்றன. ஆனால் சிங்கப்பூரில் விற்கும் எல்லா ரம்பமும் அமெரிக்க அளவில் இல்லை. ஐரோப்பிய, ஜப்பானிய அளவுகளும் புழங்குகின்றன; சில சின்ன ரம்பங்களில் காடி அதைவிடக் குறுகலாகவோ ஆழம் குறைவாகவோ இருக்கும். பட்டையின் முன்முனையில் ஒரு வட்ட வாஷர் இருந்தால் அது காடியின் அடியில் உள்ள அகன்ற பள்ளத்தில் ஓடும். மேசையில் அந்தப் பள்ளம் இல்லையென்றால் வாஷரைக் கழற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். காலிப்பரின் உள்வாய்ப் பக்கத்தால் காடியை முன்னே, நடுவே, பின்னே என மூன்று இடத்தில் அளந்தேன்: 19.15, 19.10, 19.20. வார்ப்பு அலுமினிய மேசையில் இந்த வித்தியாசம் சாதாரணம். எது குறுகிய இடம் என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம், பிறகு சொல்கிறேன்.

ஜாலான் புசார் பக்கத்துக் கருவிக் கடைகளில் ரம்பம் கிடைக்கிறது, வாள் விதவிதமாகக் கிடைக்கிறது, மைட்டர் கேஜ் மட்டும் தனியாகக் கேட்டால் பாதிக் கடைகளில் மைட்டர் ரம்பத்தைக் காட்டுகிறார்கள். கடைசியில் இணையம்தான். வெளிநாட்டிலிருந்து ரம்பம் வரவழைத்தால் 110 வோல்ட், 230 வோல்ட் தலைவலி உண்டு. கேஜில் மின்சாரமே இல்லை என்பதால் எங்கிருந்தும் வாங்கலாம். விலையோடு கூரியரையும் சேர்த்துப் பாருங்கள். மொத்தம் 400 வெள்ளியைத் தாண்டினால் நாட்டுக்குள் வரும்போது 9 சதவீதப் பொருள் சேவை வரி. அதற்குக் குறைந்தால் தப்பிக்கலாம் என்ற காலமும் போய்விட்டது. 2023 ஜனவரி 1 முதல் இங்கே பதிவுபெற்ற வெளிநாட்டு விற்பனையாளர்கள் பில்லிலேயே வரியைச் சேர்த்துவிடுகிறார்கள். நான் எடுத்தது நடு விலை கேஜ். இரும்புப் பட்டை 450 மி.மீ. நீளம், விரியும் தகடுகள், பற்கள் வெட்டிய தட்டு, தலையில் மரத்தை அணைக்கும் ஃபென்ஸ் கிடையாது. ஃபென்ஸ் இல்லாததை வேண்டுமென்றே எடுத்தேன். அதை மரத்திலேயே செய்துகொள்ளலாம் என்று எண்ணம்.

கேஜ் வந்த பெட்டியைப் பார்த்துவிட்டு அண்ணன், “இதுக்குப் போய் இவ்வளவு காசா தம்பி? நான் ஒரு பலகையும் ரெண்டு ரீப்பரும் வெச்சே வெட்டிடுவேனே” என்றார். “உங்க கை பழகின கைண்ணே, எனக்கு இரும்புதான் துணை” என்றேன். அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

கேஜைத் தொடுமுன் ரம்பத்தைச் சரிபார்க்க வேண்டும். வாள் காடிக்கு இணையாக இல்லையென்றால் எந்தக் கேஜாலும் பயனில்லை. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். வாளை முழுதாக உயர்த்தி, ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். காம்பினேஷன் ஸ்கொயரின் (நகரும் அளவுகோல் உள்ள மூலைமட்டம்) தலையைக் காடிச் சுவரில் அணைத்து, அளவுகோல் முனை அந்தப் பல்லை லேசாகத் தொடும்படி பூட்டுங்கள். பிறகு வாளைக் கையால் சுழற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுவந்து அங்கேயும் தொட்டுப் பாருங்கள். வேறு பல்லைத் தொட்டால் பல்லுக்குப் பல் உள்ள வித்தியாசமும் கணக்கில் சேர்ந்துவிடும். என் ரம்பத்தில் பின்பக்கம், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 0.15 மி.மீ. தகடு நுழைந்தது. மேசைக்கு அடியில் மோட்டார்த் தொகுதியைப் பிடித்திருக்கும் போல்டுகளைத் தளர்த்தி, மரச்சுத்தியால் மெல்லத் தட்டி, 0.05 தகடுகூட நுழையாத அளவுக்குக் கொண்டுவந்தேன். போல்டை இறுக்கும்போது மறுபடி நகரும். இறுக்கியபின் கட்டாயம் இன்னொரு முறை அளக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஆனால் வருடத்துக்கு ஒரு முறைதான்.

அடுத்தது பட்டை. காடியைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்துவிட்டு, அளந்ததில் குறுகலாக இருந்த நடுப்பகுதியில் பட்டையை நிறுத்தித் தகடுகளை ஒவ்வொன்றாக விரித்தேன். அகலமான இடத்தில் வைத்துப் பொருத்தினால் நடுவில் வரும்போது இறுகிப் பிடிக்கும். பாதி வெட்டில் கேஜ் சிக்கினால் கை தானாகவே பலமாகத் தள்ளும், அது ஆபத்து. ஒரு விரலால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும், பக்கவாட்டில் அசைத்தால் சத்தமே வரக்கூடாது. அந்த இரண்டும் ஒன்றாக அமையும் வரை கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருகிக்கொண்டிருந்தேன்.

ஃபென்ஸுக்கு 18 மி.மீ. பர்ச் பிளைவுட். 600 நீளம், 75 உயரம். மேல் விளிம்பில் அலுமினிய டி-டிராக் (டி வடிவப் பள்ளமுள்ள பட்டை) பதித்தேன், நீள அளவுக்கு மரத்தை நிறுத்தும் ஸ்டாப் பிளாக் அதில் ஓடும். முன்முகத்தில் 6 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை ஒன்றைத் திருகினேன். வாள் இதைத்தான் அறுக்கும். கோணம் மாறும்போது இதை மட்டும் மாற்றிவிடலாம். 90 டிகிரிக்கு அறுத்த வாய் 45 டிகிரியில் அகலமாகிவிடும், அப்புறம் வெட்டு முனையில் மரநார் பிய்வதைத் தடுக்க முடியாது. எம்டிஎஃப் முகத்தில் 220 எண் உப்புத்தாள் ஒட்டினேன். வெறும் அலுமினியமோ வழவழப்பான பலகையோ இருந்தால் 45 டிகிரியில் வாள் மரத்தைப் பக்கவாட்டில் மெல்ல இழுக்கும். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் நகர்வது கைக்குத் தெரியாது.

இனி செங்கோணம். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் போதும் என்பவர்கள் உண்டு. என் கண்ணுக்கு 0.1 டிகிரி மூலைமட்டத்தில் தெரியாது. ஐந்து வெட்டு முறைதான் நம்பகமானது. சுமார் 350 மி.மீ. சதுர எம்டிஎஃப் துண்டு ஒன்றை எடுத்து ஒரு பக்கத்தை மெல்லிசாக வெட்டவும். வெட்டிய பக்கத்தை ஃபென்ஸில் அணைத்து அடுத்த பக்கம். இப்படியே நாலு பக்கமும். ஐந்தாவதாக முதல் பக்கத்தையே மறுபடி வெட்ட வேண்டும், ஆனால் இந்த முறை ஓர் அங்குல அகலத்தில் கீற்று கிடைக்கும்படி. அந்தக் கீற்றின் இரண்டு முனை அகலத்தையும் காலிப்பரில் அளந்தால், அந்த வித்தியாசம் கேஜின் தவறைப் போல நாலு மடங்கு. கண்ணுக்குத் தெரியாத தவறைப் பெரிதாக்கிக் காட்டுவதுதான் இதன் சூட்சுமம்.

எனக்கு முதலில் வந்த வித்தியாசம் 0.88 மி.மீ. நாலால் வகுத்தால் 0.22. அதாவது 350 மி.மீ. நீளத்துக்கு 0.22 மி.மீ. சாய்வு. கேஜ் தலையின் அகலம் 150 மி.மீ. அந்த அகலத்துக்கு அதே விகிதத்தில் கணக்கிட்டால் 0.094. சாதாரண 80 ஜிஎஸ்எம் ஏ4 தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. ஆக, தலைக்கும் பிளைவுட் ஃபென்ஸுக்கும் நடுவே ஒரு பக்க ஓரத்தில் தாளை ஒரு மடிப்பும் இல்லாமல் கீற்றாகக் கிழித்து வைத்துத் திருகை இறுக்கினேன். எந்தப் பக்கம் வைப்பது என்று குழம்பினால் ஒரு பக்கம் வைத்து வெட்டிப் பாருங்கள், வித்தியாசம் கூடினால் மறுபக்கம். தாள் வைத்தபின் கீற்றில் வித்தியாசம் 0.10, அதாவது 350 மி.மீ.க்கு 0.025 தான். இதற்கு மேல் துரத்துவதில் அர்த்தமில்லை. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும் ஊரில் மரமே ஒரு நாளில் அதைவிட அதிகம் அசையும்.

தாள் வைப்பதில் இன்னொரு வசதி, 90 டிகிரி சரியானால் பல் தட்டின் மற்றக் கோணங்களும் கூடவே நகர்ந்து சரியாகிவிடும். தட்டில் பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி சரியாக இருந்தால்தான் இது நடக்கும். அதை 45 டிகிரியில் நாலு துண்டு வீண் பைன் மரம் வெட்டி, கச்சைப் பட்டையால் கட்டிப் பார்த்து உறுதிசெய்தேன். நாலு மூலையிலும் வெளிச்சம் தெரியவில்லை.

சட்டங்களை வெட்டும்போது கோணத்துக்கு இணையாக நீளமும் முக்கியம். எதிரெதிர்ப் பட்டிகள் அரை மில்லிமீட்டர் வேறுபட்டால் 45 டிகிரி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சட்டம் மூடாது. ஆறு சட்டத்துக்கும் நெடும்பட்டிகள் எல்லாவற்றையும் ஒரே ஸ்டாப்பில் வெட்டி முடித்துவிட்டு அப்புறம்தான் குறும்பட்டிகளுக்கு ஸ்டாப்பை நகர்த்தினேன். ஸ்டாப்பின் முகத்தையும் 45 டிகிரியில் சீவிக்கொள்ளுங்கள். தட்டையான ஸ்டாப்பில் பட்டியின் கூர்முனை இடித்து நசுங்கும், ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு நீளமாகும். ஸ்டாப்பின் அடி மேசையிலிருந்து 3 மி.மீ. உயர்ந்திருந்தால் மரத்தூள் சேராது. பின்பக்கப் படி இருப்பதால் பட்டியைப் புரட்டிப்போட்டு ஒரே கோணத்தில் இரண்டு முனையையும் வெட்ட முடியாது. தலையை ஒரு முறை இடப்பக்கமும் ஒரு முறை வலப்பக்கமும் திருப்ப வேண்டும். வலக் காடிக்கு மாற்றி வெட்டலாம்தான், ஆனால் அதன் அகலம் வேறு, பட்டையைத் திரும்பவும் பொருத்த வேண்டும். இடக் காடியை விட்டு நான் நகரவே இல்லை. பட்டியை ஃபென்ஸோடு சின்னக் கிளாம்பால் பிடித்தே வெட்டினேன்.

ரிப் ஃபென்ஸையே நீளத்துக்கான ஸ்டாப்பாக வைத்துக்கொண்டு மைட்டர் கேஜால் தள்ளுகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. செய்யாதீர்கள். அறுந்த துண்டு வாளுக்கும் ரிப் ஃபென்ஸுக்கும் நடுவே கோணலாகச் சிக்கி, சுழலும் பல்லில் ஏறி, முகத்தை நோக்கிப் பறந்து வரும். அப்படி வைத்தே ஆக வேண்டும் என்றால் வாளுக்கு வெகு முன்பாக முடியும் ஒரு கட்டையை ரிப் ஃபென்ஸில் கிளாம்ப் செய்து, அளவை மட்டும் அதில் எடுத்துக்கொள்ளலாம். மரம் வாளைத் தொடும்போது பக்கத்தில் காலி இடம் இருக்க வேண்டும். வாளுக்குப் பின்னால் நிற்கும் காப்புத் தகடான ரைவிங் நைஃபைக் கழற்ற இந்த வேலையில் எந்தக் காரணமும் இல்லை. அறுந்த துண்டை வாள் நின்றபின் எடுங்கள்.

மிச்ச மரத்தில் குத்துவிளக்குக்கு எட்டுப் பக்கப் பீடம் ஒன்றும் செய்தேன். 22.5 டிகிரி, பதினாறு வெட்டு. 0.1 டிகிரித் தவறு இங்கே 1.6 டிகிரியாக வளரும், எனவே கேஜின் குணம் சட்டத்தைவிட இதில்தான் நன்றாகத் தெரியும். ஏழு மூட்டு ஒட்டியபின் எட்டாவதில் ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தது. கச்சைப் பட்டையை இறுக்கியதும் அதுவும் மறைந்தது.

இனி அண்ணன் சொன்னது. அலமாரித் தட்டு மாதிரி அகலமான பலகையை இந்தக் கேஜில் குறுக்கே வெட்ட முடியாது. மேசையின் முன்விளிம்பிலிருந்து வாள் வரை ஒரு சாணுக்குச் சற்று அதிகம்தான் இடம். பலகை அதைவிட அகலம் என்றால் கேஜ் தலை மேசைக்கு வெளியே தொங்கும், பட்டையின் ஒரு பகுதி மட்டுமே காடிக்குள் இருக்கும். அப்போது ஆட்டமும் கூடும், தலையின் பாரமும் பட்டையைக் கீழே இழுக்கும். இதற்கு அண்ணன் சொல்லும் பலகையும் இரண்டு ரீப்பரும்தான் சரி: காடிக்குள் ஓடும் இரண்டு ரீப்பர் மேல் பிளைவுட் பலகை, அதன் மேல் ஒரு வேலி. மேலைநாட்டுத் தச்சர்கள் கிராஸ்கட் ஸ்லெட் என்று சொல்வது இதைத்தான். சட்டத்துக்கும் இதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. பலகையின் மேல் இரண்டு வேலிகளைச் சரியாக 90 டிகிரியில் ஆப்பு வடிவில் பொருத்திவிட்டால், இடப்பக்கம் 45.1 வந்தாலும் வலப்பக்கம் 44.9 வரும், இரண்டும் சேர்ந்தால் செங்கோணம்தான். தினமும் சட்டம் வெட்டுபவர்கள் கேஜுக்குச் செலவழிக்காமல் அதைச் செய்துகொள்ளலாம். எனக்கு ஒரு நாள் 45, மறுநாள் 22.5, அடுத்த வாரம் 30 என்று மாறுவதால் கேஜ் தோது. ஸ்லெட்டின் ரீப்பர் மரமாக இருந்தால் மழை மாதங்களில் உப்பிக் காடியில் இறுகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

கேஜின் இரும்புப் பட்டைக்கும் நம் ஊர்க் காற்று எதிரிதான். கை வியர்வை பட்ட இடத்தில் சில நாளிலேயே செம்புள்ளி விழும். வேலை முடிந்ததும் துணியால் துடைத்து, மாதத்துக்கு ஒரு முறை பேஸ்ட் வாக்ஸ் தேய்க்கிறேன். சிலிக்கான் ஸ்பிரே அடிக்காதீர்கள், அது மேசையிலிருந்து மரத்துக்கு ஒட்டி, அப்புறம் வார்னிஷ் அந்த இடத்தில் பிடிக்காமல் குழி குழியாக விலகும். விரியும் தகடுகள் நாளடைவில் தேயும். ஆட்டம் திரும்பத் தலைகாட்டினால் ஆலன் சாவியால் அரைக்கால் சுற்று போதும். சாவியை டி-டிராக்கின் முனையிலேயே காந்தத்தால் ஒட்டவைத்திருக்கிறேன்; அலுமினியத்தில் காந்தம் பிடிக்காது என்பதால் முனையில் ஒரு இரும்பு ஸ்குரூவும் அடித்திருக்கிறேன்.